சம்பள நாள் பிரியாணி

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷெட்டுகளும் செருப்புக் கம்பெனிகளும் நிறைந்த ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் காலைச் சங்கு ஊதும் நேரத்தில் பெண்கள் கம்பெனி வாசலில் வரிசையாக நின்றார்கள், மாதம் ஏழாம் தேதி சாயங்காலம் ஆண்கள் ஏடிஎம் வாசலில் வரிசையாக நின்றார்கள், இரண்டு வரிசையும் ஒரே பணத்துக்காகத்தான் என்றாலும் யாருக்கும் அதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை.

ஒரு பெண் கம்பெனியில் சேர்ந்துவிட்டால் அவள் புருஷன் அவளை வங்கிக்கு அழைத்துப்போவான். கணக்கு அவள் பெயரில் இருக்கும், படம் அவள் படமாக இருக்கும், கையெழுத்தும் அவளுடையதே. போன் நம்பர் மட்டும் அவனுடையது. கார்டு வந்ததும் அதை அவன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். ரகசிய எண் வேண்டுமென்று மெஷின் கேட்டால் கல்யாணம் நடந்த வருஷத்தை அழுத்துவான். இது ஊர் வழக்கம். ஊரில் ஒருவனுக்கு இன்னொருவன் வீட்டு ரகசிய எண் தெரிய வேண்டுமென்றால் அந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருந்தால் போதும்; ஆனாலும் ஒருவன் மனைவியின் கார்டை இன்னொருவன் தொட்டதே கிடையாது, அந்த விஷயத்தில் ஊர் மிகவும் ஒழுக்கமானது.

ஏடிஎம்முக்கு எதிரே கவுஸ் பாயின் பிரியாணிக் கடை. பணத்தை எடுத்த கையோடு ஆண்கள் தெருவைத் தாண்டி அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். சீரக சம்பா அரிசி, ஆட்டுக்கறி, தொட்டுக்கொள்ள எண்ணெயில் மினுங்கும் கத்தரிக்காய். பெண்கள் அந்த நேரத்தில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி, கடை வாசலைத் தாண்டி, வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஜெயக்கொடியும் அப்படிப் போகிறவள்தான். கல்யாணமான மறுமாதமே கம்பெனியில் சேர்ந்தவள். செருப்பின் மேல்தோலில் ஓரமாகப் பசை தடவி, மடக்கி, சின்னச் சுத்தியலால் தட்டி, அடுத்த மேசைக்குத் தள்ளுவது அவள் வேலை. பிரஷ்ஷால் தடவினால் நேரமாகும் என்பதால் விரலால் தடவுவாள். சாயங்காலம் விரல்களின் மேல் இன்னொரு தோல் வளர்ந்திருக்கும், பேருந்தில் உட்கார்ந்து அதை உரித்துக்கொண்டே வருவாள். அவள் புருஷன் முனிரத்தினம் வீட்டுமனைத் தரகன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு ரெக்சின் பை. அந்தப் பையில் இருப்பது தன் சொந்தச் சம்பாத்தியம் என்றும், அதை யாரும் தொடக் கூடாது என்றும் அவன் சொல்லியிருந்தான். ஜெயக்கொடி அதைத் தூசி தட்டும்போதுகூடத் துணியால்தான் தொட்டாள்.

தீபாவளிக்கு முந்தின மாதம் ஏழாம் தேதி சாயங்காலம், கவுஸ் பாய் கடையில் முனிரத்தினம் முதல் கவளத்தை வாயில் போட்டபோது பிரியாணியில் பசை ருசித்தது.

அரிசி அரிசியாக இல்லை, கறி கறியாக இல்லை. நாக்கு முழுக்க ரப்பர்ப் பசை, அதற்குக் கீழே ஈரத்தோலின் நாற்றம், அதற்கும் கீழே யாரோ ஒருவரின் விரல் வியர்வையின் உப்பு. அவன் இலையிலேயே துப்பினான். பக்கத்தில் இருந்தவனும் துப்பினான். அவன் வாயில் தோல் சீவிய தூள். எதிரே இருந்தவன் மனைவி பச்சைத்தோல் பிரிவில் கொழுப்புச் சுரண்டுகிறவள். அவன் வாய்க்குச் சுண்ணாம்பும் அழுகின கொழுப்பும் வந்தன. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்ணின் புருஷன் பினாயில் என்று கத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். கவுஸ் பாய் அண்டாவிலிருந்து ஒரு கை அள்ளித் தின்று பார்த்தார்.

“என் பிரியாணி என் பிரியாணியாட்டந்தான் கீது. உங்க வாயில இன்னாத்த வெச்சிக்கினு வந்தீங்க?” என்றார்.

வீட்டுக்கு வந்து முனிரத்தினம் வாயைக் கொப்பளித்துவிட்டு ரசம் சோறு சாப்பிட உட்கார்ந்தான். அதிலும் பசை.

“சோத்துல இன்னாமே கலந்த?”

ஜெயக்கொடி அதே பானையிலிருந்து அள்ளித் தின்றாள். “நல்லாத்தாங்க கீது.”

அவள் தட்டைப் பிடுங்கி அதிலிருந்து ஒரு வாய் தின்றான், பசை. அவன் முகம் கோணி, நாக்கை நீட்டிப் புறங்கையால் துடைத்து, அந்த ருசி எப்படி இருக்கிறது என்று விவரமாகச் சொல்லித் திட்டினான். அவன் சொன்ன ருசி ஜெயக்கொடிக்குத் தெரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத விரல்களால் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறவள் அவள். இத்தனை வருடமாக அதைத் தின்றுதான் வருகிறாள்.

ஊர் முதலில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது. உணவு அதிகாரி வந்து பிரியாணியைப் பாட்டிலில் அடைத்து எடுத்துப்போய், குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லி, இரண்டு பார்சலும் வாங்கிப்போனார். டாக்டர் டார்ச் அடித்து வரிசையாக நாக்குகளைப் பார்த்தார். அவருடைய மனைவியும் டாக்டர், அவள் வருமானத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார், ஒருநாள் அவர் காப்பியில் ஸ்பிரிட் வாடை வந்ததும் டார்ச்சை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

காரணம் கம்பெனிப் பேருந்தில்தான் தெரியவந்தது. ஜெயக்கொடிக்குப் பக்கத்து மேசைக்காரி தில்ஷாத்; அவள் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவர்கள் இருவரும் வருகிற காசைப் பிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவில் போட்டு, வேண்டும்போது சொல்லிவிட்டு எடுப்பார்கள்.

“நேத்து அவசரத்துல டப்பாவப் பாக்கல, ஆணில மாட்டியிருந்த அவர் சட்டைலேர்ந்து பத்து ரூபா எடுத்துக்கினு போயி டீ வாங்கினேன்” என்றாள் தில்ஷாத். “வாயில வெச்சா டியூப் வாடை! பஞ்சர் ஒட்டற சொல்யூஷன் வாடை! டம்ளரோட அவர்கிட்ட ஓடினேன். இப்படி உங்க சட்டைல கை வெச்சிட்டேன்னு சொன்னேன். சிரிச்சிக்கினே ‘எடுத்துக்க போ’ன்னாரு. மீதி டீய குடிச்சேன்டி. டீ டீயா ஆயிடுச்சி.”

பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கட்டினவள் காசைக் கேட்காமல் எடுத்தால் அவள் வேலையின் ருசி வரும், கட்டினவன் காசைக் கேட்காமல் எடுத்தால் அவன் வேலையின் ருசி வரும். எடுத்தவர் நாக்குக்கு மட்டும் தெரியும். கேட்டு, காசுக்குச் சொந்தக்காரர் சரி என்றால், போய்விடும். கடைத்தெருவில் ஒரு வாத்தியார் தம்பதி இருந்தார்கள். உப்பைக்கூடத் தனித்தனியாக வாங்கி இரண்டு குக்கரில் சமைத்து, ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மருந்து இவ்வளவு எளிது, காசும் செலவில்லை. ஆனால் ஊர் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை.

ஆண்கள் வேறு வழிகளைப் பார்த்தார்கள். ஒருவன் தெருவில் நின்றபடி, மனைவி குளிக்கும் நேரமாகப் பார்த்து, எடுத்துக்கட்டுமா என்று முணுமுணுத்துவிட்டு எடுத்தான், ருசி போகவில்லை. ஒருவன் கேள்வியாக இல்லாமல் ‘எடுக்கறேன்’ என்று சொல்லிவிட்டு எடுத்தான். நாக்குக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. இன்னும் சிலர் வக்கீலிடம் போய் முத்திரைத்தாளில் மனைவியின் சம்மதத்தை நிரந்தரமாக எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சாப்பாட்டில் பழைய ருசியோடு காகிதத்தின் ருசியும் சேர்ந்துகொண்டது.

ஜெயக்கொடிக்கு மட்டும் நம்பிக்கை இருந்தது. இத்தனை அருவருப்பை ஒரு மனுஷன் எத்தனை வேளை தாங்குவான்? கார்டு தன் கைக்கு வந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு அது அவசரமாகவும் இருந்தது. இடதுபக்கக் கடைவாய்ப்பல் வலித்து, ஆறு மாதமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்; வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் முனிரத்தினம் சோற்றை வாயில் வைத்துக் கண்ணை மூடி விழுங்கும்போது அவள் பேச்சை எடுத்தாள்.

“கார்டக் குடுத்துடுங்க. வேணும்போது கேளுங்க, எடுத்துத் தர்றேன். உங்களுக்கும் சோறு சோறா இருக்கும்.”

“நான் உன்னக் கேக்கணுமா?”

“ஒரு வார்த்தைதானே.”

“ஒரு வார்த்தையா? இன்னிக்கு நூறு ரூபா எடுத்துக்கட்டான்னு நான் கேட்டா, நாளைக்கு எதுக்குன்னு நீ கேப்ப. நாளன்னிக்கு எங்க போயிட்டு வரன்னு கேப்ப. அப்பறம் நான் இந்த ஊட்ல இன்னா, வாடகைக்கா கீறேன்?”

“எனக்குப் பல்லு வலிக்குதுங்க.”

“புடுங்கிட்டா வலிக்காது. ஒரு பல்லு போனா இன்னா, நீ இன்னா கரும்பாலையா?” என்று சொல்லி அவனே சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: “உன் சம்பளம் ஊட்டுக்கு. என் சம்பாத்தியம் நாளைக்கு. நான் தனியா சேக்கறது யாருக்கு? மனை வாங்கினா ரெண்டு பேர் பேர்லதானே வாங்கப்போறேன்?”

மறுவாரம் பல்லைப் பிடுங்கிக்கொள்வதற்கு மட்டும் காசு கொடுத்தான். பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் பேருந்தில் வந்தாள்.

ஊர் மெல்ல மெல்லப் பழகியது. எந்த ஊரும் எதற்கும் பழகுவதுபோல, முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு மூக்கை விட்டுவிட்டு. கவுஸ் பாய் காரமான எலுமிச்சை ஊறுகாய் போட்டார், அது அண்டா அண்டாவாகத் தீர்ந்தது. ஆண்கள் கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். கொஞ்ச நாள் போனதும் ஒருவன் ஊறுகாய் வேண்டாம் என்றான். இன்னொருவன் கிராம்பைத் துப்பினான். பொங்கல் முடிந்து வந்த ஏழாம் தேதி, பச்சைத்தோல் பிரிவுக்காரியின் புருஷன் கறித்துண்டை வாயில் போட்டு, கண் சொருகி, நாக்கைச் சப்புக்கொட்டி, “இன்னிக்குத்தான்யா நல்லா உறைக்குது” என்று சொன்னபோது கடையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவன் இலையை எல்லோரும் ஒரு பொறாமையோடு பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அது பெருமையாகிவிட்டது. தோல்தூள் ருசிக்காரர்கள் ஒரு மேசை, பசை ருசிக்காரர்கள் ஒரு மேசை, சுண்ணாம்பு ருசிக்காரர்கள் மின்விசிறிக்கு அடியில் நடு மேசை. மனைவி வேலைக்குப் போகாதவர்கள் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் சொந்தக் காசில் வாங்கிய பிரியாணியைச் சப்பென்று தின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் பங்குனிக்குள் மனைவிகளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால், பொண்ணு எந்த செக்‌ஷன் என்று கேட்டார்கள். பச்சைத்தோல் பிரிவு என்றால் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

எல்லாவற்றையும்விட ஜெயக்கொடியால் பொறுக்க முடியாதது பேருந்துப் பேச்சுதான். முன்சீட்டில் ஒரு புதுப்பெண், போன மாதம்தான் கல்யாணமானவள், வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: “எங்க ஊட்டுக்காரருக்கு என் ருசி இல்லாம சோறே எறங்காதாம்.” சுற்றி இருந்தவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

“கேட்டியாடி?” என்றாள் தில்ஷாத்.

“கேட்டேன்.”

“உன் ஆளு இன்னா சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல. தட்ட நக்கறாரு.”

தில்ஷாத் சிரிக்கத் தொடங்கி, ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அது நிஜம்தான். முனிரத்தினம் தட்டை நக்கினான். முன்பு அவன் திட்டிக்கொண்டு சாப்பிடும்போது அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது; தன் பணம் அவன் தொண்டையில் முள்ளாகவாவது இறங்குகிறது என்று. இப்போது அவன் விரல்களை ஒவ்வொன்றாக வாயில் விட்டு உறிஞ்சினான், தட்டின் விளிம்பில் ஒட்டின பருக்கையை நாக்கை நீட்டி எடுத்தான், ஏப்பம் விட்டான், அந்த ஏப்பத்தில் தன் பசை மணப்பதாக அவளுக்குத் தோன்றியது. தன் கையை, தன் முதுகை, தான் குனிந்து உட்கார்ந்த அத்தனை பகல்களையும் ஒருவன் எதிரில் உட்கார்ந்து சப்பித் தின்பதைப் பார்ப்பது போலிருந்தது. அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சுவரைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

சித்திரை பிறந்ததும் ஒருநாள் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“தே, ஜெயக்கொடி. உங்க சூப்பர்வைசர்கிட்டப் பேசினேன்.”

“எதுக்கு?”

“பச்சைத்தோல் செக்‌ஷன்ல ஆள் எடுக்கறாங்களாம். மாறிடு.”

“அங்க போனவங்க கை வெந்து போயிருக்குதுங்க. நாத்தம் தலமுடில ஏறிக்கினு போவாது.”

“கையொற தருவாங்கமே.” அவன் தலையைச் சொறிந்துகொண்டான். அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட்டான், ஆனால் சொன்னான். “பசை இப்பல்லாம் உறைக்கவே மாட்டேங்குது. வெறும் சோறு துண்ற மாதிரி கீது. கொஞ்சம் அழுத்தமா இருந்தா நல்லா இருக்கும்.”

ஜெயக்கொடி கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். இவன் ருசி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் திடீரென்று ஓர் எண்ணம் வந்தது. தன்னை இவன் இத்தனை நாள் தின்றான். இவனை ஒரு வாய் தின்று பார்த்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கும்போது, ஆணியில் தொங்கிய ரெக்சின் பையிலிருந்து ஒரே ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்தாள். தன் கார்டை அவன் வைத்துக்கொண்டதில் அவளுக்கு வருத்தம் இருந்ததே தவிர, அவனுடையதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. அவனுடையது அவனுடையது என்று மதித்திருந்தாள், அந்த மதிப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கவுஸ் பாய் கடையின் உள்ளறையில் தனியாக உட்கார்ந்து ஒரு மட்டன் பிரியாணி சொன்னாள். தரகனின் ருசி என்னவாக இருக்கும் என்று யோசித்தாள். கல் நட்ட காட்டுப்புழுதியா? பத்திர ஆபீஸ் வாசல் வெற்றிலை எச்சிலா? வாந்தி வந்தால் எழுந்து ஓட வசதியாக வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கவளத்தை வலதுபக்கமாக ஒதுக்கி மென்றாள்.

சீரக சம்பாவின் மணம். புதினா. எலும்போடு விட்டு வருகிற இளங்கறி. கத்தரிக்காயின் புளிப்பு.

இன்னொரு கவளம். அதே மணம்.

ருசி மெதுவாக வரும்போலிருக்கிறது என்று தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது கவளத்தை நாக்கிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிரியாணி பிரியாணியாகவே இருந்தது. இந்த ஊரில் இத்தனை வருடம் அவள் வாசனையாக மட்டும் அறிந்திருந்த அந்தப் பிரியாணி, அத்தனை நன்றாக, அத்தனை சுத்தமாக.

கவுஸ் பாய் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, துண்ணாம குந்திக்கினு கீற? ருசி இல்லியா?”

“ருசியாத்தான் கீது பாய்” என்றாள். “அதான்.”

கேட்காமல் எடுத்தும் ருசி வரவில்லை. அடுத்தவர் காசானால் வந்திருக்கும், தில்ஷாத்துக்குப் பத்து ரூபாய்க்கே வந்தது. அப்படியானால் இது அடுத்தவர் காசு இல்லை. முனிரத்தினம் கடைசியாக மனை முடித்துக் கொடுத்தது யாருக்கு என்று அவள் நினைத்துப் பார்த்தாள். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு ஏழாம் தேதியும் மெஷினிலிருந்து எடுத்ததில் பாதியை வீட்டுக்கென்று கொடுத்துவிட்டு, மீதியைப் பையில் போட்டு அதற்குத் தன் சம்பாத்தியம் என்று பெயர் வைத்திருக்கிறான். உன்னுடையது வீட்டுக்கு, என்னுடையது நாளைக்கு. அவனுக்குச் சம்பாத்தியம் என்று ஒன்று இருந்ததே இல்லை, ஒரு பைதான் இருந்தது. தன் பணத்தைத் தன்னிடமிருந்தே அவள் இத்தனை வருடம் தூசி தட்டிக் காவல் காத்திருக்கிறாள்.

பசையோ புழுதியோ எச்சிலோ வந்திருந்தால் அவள் துப்பிவிட்டுப் போயிருப்பாள். இந்தச் சுத்தமான ருசியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் தின்றாள், அவள் காசு.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, பையில் இருந்ததை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு வங்கிக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரி அம்மா இருந்தார்.

“இந்த போன் நம்பர் யாருதும்மா?”

“வீட்டுக்காரரோடதுங்க.”

“கணக்கு?”

“என்னுது. நம்பர மாத்தணும். பழைய கார்ட நிறுத்தணும். இந்தக் காசப் போடணும்.”

அதிகாரி அம்மா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார், பிறகு தன் மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்ப்பையும் மைப்பெட்டியையும் பார்த்தார். “எங்க வீட்டுக்காரருக்கு மை ருசி” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “ரொம்பப் பிடிக்குமாம்.” அதற்குப் பிறகு வேகவேகமாக வேலையைச் செய்துகொடுத்தார்.

புதுக் கார்டோடு மெஷின் முன்னால் நின்றபோது ரகசிய எண்ணை அழுத்தச் சொல்லியது. ஜெயக்கொடிக்குக் கல்யாண வருஷத்தைத் தவிர நாலு இலக்கத்தில் வேறு எண்ணே தெரிந்திருக்கவில்லை. மெஷின் ஒருமுறை பொறுமையிழந்து திரும்பவும் முதலிலிருந்து கேட்டது. வெகுநேரம் யோசித்து ஓர் எண்ணை அழுத்தினாள். அது என்ன என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை, அது அவளுடையது.

ஏழாம் தேதி சாயங்காலம் முனிரத்தினம் வரிசையில் நின்று, கல்யாண வருஷத்தை அழுத்தினான், மறுபடியும் அழுத்தினான், மெஷின் கார்டைத் துப்பியது.

“இன்னா முனிரத்தினம், எந்த வருஷம் மாட்டிக்கினேன்றதே மறந்துடுச்சா?” என்று பின்னால் நின்றவன் கேட்க, வரிசை முழுவதும் சிரித்தது.

அவன் வீட்டுக்கு ஓடிவந்தான். ஆணி மொட்டையாக இருந்தது.

“என் பை எங்கமே?”

“தொவச்சிக் கொடில போட்டிருக்கேன், காயுது” என்றாள் ஜெயக்கொடி. “உள்ள இருந்தது என்னுது.”

“உன்னுதா? எவ சொன்னது?”

“துன்னு பாத்தேன்.”

அவன் பின்கட்டுக்குப் போய், கொடியில் தொங்கிய பைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தான்.

அவள் அவனைப் பட்டினி போடவில்லை. மளிகைக்கு அவளே எடுத்தாள். டீக்கும் சவரத்துக்கும் அவன் கையிலேயே கொடுத்தாள், கொடுக்கிறேன் என்று சொல்லியே கொடுத்தாள். சோறு சோறாக இருந்தது, ரசம் ரசமாக இருந்தது. அதுதான் அவனால் முடியவில்லை. ஒரு பிடி உப்பைப் போட்டுப் பிசைந்தான், மிளகாயைக் கடித்தான், கவுஸ் பாய் கடைக்குப் போய் ஊறுகாய்ச் சாடியையே எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மண்ணைத் தின்பதுபோல மென்றான். நடு மேசையில் மற்றவர்கள் சப்புக்கொட்டும் சத்தம் கேட்கக் கேட்க, எழுந்து வெளியே வந்தான். கன்னம் ஒட்டிப்போயிற்று. வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துவைக்க வேண்டிய துணிகளை மூட்டையாகக் கட்டும்போது அவன் தரையில் வந்து உட்கார்ந்தான்.

“ஜெயக்கொடி.”

“சொல்லுங்க.”

“கார்ட டிவி பக்கத்துல வெச்சிட்டு, நீ பாட்டுக்குத் தொவைக்கப் போயேன்.”

“எதுக்கு? வேணும்னா கேளுங்க, எடுத்துத் தர்றேன்.”

“குடுக்காதமே!” என்றான், அழுகிற குரலில். “நீ குடுத்தா ருசிக்கல. நானா எடுத்துக்கறேன். நீ பாக்காத மாதிரி இரு, போதும். உன்ன கெஞ்சிக் கேக்கறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் கேட்காத கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டான். கேட்காமல் எடுப்பதற்கு அனுமதி கேட்டான்.

ஜெயக்கொடி மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். “நான் சரின்னுட்டா நீங்க கேட்டு எடுத்த மாதிரிதானே ஆவும்? அப்பறம் அதுல ருசி எங்க வரும்?”

அவன் யோசித்தான். மனை அளக்கிறவன்போல நெற்றியைச் சுருக்கி, விரல்களை மடக்கி நீட்டி, நிஜமாகவே யோசித்தான். பிறகு முகம் தெளிந்தது. வாயோரத்தில் எச்சில் ஊறி ஒரு கோடாக இறங்கியது, அதை அவன் துடைக்கவில்லை.

“அப்ப வேணாம்னு சொல்லு” என்றான். “வேணாம்னு சொல்லிட்டு, வெச்சிட்டுப் போ.”

அவள் அவனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

“வேணாம்” என்றாள்.

அவன் கேட்டதில் பாதி அது. மீதிக்காக முகத்தைத் தூக்கிக் காத்திருந்தான். ஜெயக்கொடி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கார்டு இருந்த சுருக்குப்பையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும், அவள் போய்விட்டாள் என்று நிச்சயம் செய்துகொண்டு முனிரத்தினம் எழுந்தான். கால் விரல்களை ஊன்றிச் சத்தமில்லாமல் நடந்து, டிவி பக்கத்தில் கையை விட்டு, ஒன்றுமில்லாத பலகையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை தடவினான், பிறகு அந்த விரல்களை வாயில் வைத்துப் பார்த்தான்.